நாணயமும் நேரமும்: ‘டிபெண்டர்’ விளையாட்டுப் பொறி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

மனிதர் உழைக்கும் முறையை ஆராய்வோர் அவர்கள் ஓய்வு கொள்ளும் முறையையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. கூத்தும் நாடகமும் தொழிற்பாடல்களும் எத்தகைய சமூக உறவுகளின் மத்தியிலே தோன்றின என்பது பற்றி நம்மவர் பலர் எழுதியுள்ளனர். சினிமா பற்றியும் ஓரளவுக்கு எழுதப்பட்டுள்ளது. எனினும், இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிற் கைத்தொழில் வளர்ச்சியுற்ற நாடுகளின் நகரங்களிலே தோன்றிய ஒரு பொழுதுபோக்கு வடிவம், அதாவது நாணயமிட்டு ஆடப்படும் வீடியோ விளையாட்டு, சிறுபிள்ளை விவகாரம் என்று ஒதுக்கப்படுவதே வழக்கமாயிருந்து வந்துள்ளது. ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மனிதனின் ஓய்வு நேரத்தை நொடிக்கணக்கில் அளந்து, விலை குறித்து, சில்லறையாக விற்பனை செய்த பண்டங்களுள் இதனைப்போல ஒளிவுமறைவற்ற பிறிதொன்றைக் காண்பது அரிது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒரேயொரு விளையாட்டை. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்த வில்லியம்ஸ் எலெக்ட்ரோனிக்ஸ் கம்பனி 1980இற் காட்சிக்கு வைத்து, 1981இற் சந்தைக்கு விட்ட ‘டிபெண்டர்’ என்பதே அது. பெயரின் பொருள் ‘காப்போன்’. பக்கவாட்டில் ஓடும் நிலக்காட்சியின்மீது விண்கலத்தைச் செலுத்திப் பகைவரைச் சுடும் விளையாட்டு வகைக்கு இதுவே முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. பொறியில் நாணயம் இடுபவர் உண்மையில் எதனை வாங்குகின்றார், அவர் ஆடிய ஆட்டம் யாருக்குச் சொந்தம் என்ற இரு வினாக்களை அதனூடாக எழுப்ப விரும்புகின்றோம். இவ்விரண்டாவது வினா நீதிமன்றம் வரை சென்ற ஒன்றாகும்.

முதலில் இப்பொறி பிறந்த சூழலைச் சிறிது நோக்குவோம். சிக்காகோ நெடுங்காலமாகவே நாணயப் பொறிகளின் தலைநகர். உருக்குக் குண்டைச் சரிவான மேசையிலே ஓடவிட்டு ஆடும் ‘பின்போல்’ பொறிகளை ஆக்கும் தொழிற்சாலைகள் அங்கேயே குவிந்திருந்தன. வில்லியம்ஸ் கம்பனியும் 1943இல் ஹரி வில்லியம்ஸ் என்பவரால் நிறுவப்பட்ட அத்தகையதொரு தொழிலகமே. இப்பொறிகள் சூதாட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்டமையால் ஐயக்கண் கொண்டே பார்க்கப்பட்டன. நியூயோர்க் நகரில் 1942 முதல் 1976 வரை பின்போல் தடைசெய்யப்பட்டிருந்தது.

இத்தொழிலின் பொருளாதார அமைப்புக் கவனத்திற்குரியது. பொறியை ஆக்கும் கம்பனி அதனை ஒரு முறை விற்றுவிடுகின்றது. அதனை வாங்கும் இடைநிலை வணிகர் மதுச்சாலையிலோ, உணவுக்கடையிலோ, பேருந்து நிலையத்திலோ அதனை நிறுத்திவைத்து, வாரந்தோறும் உண்டியலைத் திறந்து, வருவாயை அவ்விடத்துக்கு உரியவருடன் பங்கிட்டுக்கொள்கின்றார். சரிபாதி என்பது பரவலான வழக்கம். ஆதலால், விளையாடுபவர் நேரடியாகக் கம்பனியின் வாடிக்கையாளர் அல்லர். கம்பனியின் வாடிக்கையாளர் இடைநிலை வணிகரே. அவ்வணிகரோ ஒரு பொறி அழகானதா, நூதனமானதா என்று பார்ப்பவரல்லர். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை நாணயம் விழும் என்பதே அவருடைய திறனாய்வு அளவுகோல். இந்த அளவுகோல் தொழிற்சாலைக்கும் நிரலாளரின் மேசைக்கும் திரும்பிச் சென்று விளையாட்டின் உள்ளமைப்பையே தீர்மானிக்கின்றது.

1978இல் யப்பானின் டைட்டோ கம்பனிக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இத்தொழிலைப் புரட்டிப்போட்டது. பின்போல் மேசைகளை ஆக்கிவந்த சிக்காகோ முதலாளிமார் வீடியோத் திரைக்குத் திரும்பவேண்டியவராயினர். வில்லியம்ஸ் கம்பனி 1973இலேயே பிறருடைய பந்தடி விளையாட்டைப் பின்பற்றிய ஒரு திரைப்பொறியை விற்றிருந்ததாயினும், இத்துறையில் அதற்கு ஆழ்ந்த அனுபவம் இருக்கவில்லை. பொறுப்பு யூஜீன் ஜார்விஸ் என்ற இளம் நிரலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1980இல் வெளிவந்த ‘பயர்பவர்’ என்ற பின்போல் மேசைக்குச் செய்நிரல் எழுதியவர். சாம் டிக்கர், லாரி டிமார், போல் டுசோ ஆகியோர் அவருடன் உழைத்தனர். 1980ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திற் சிக்காகோவில் நிகழ்ந்த வணிகர் கண்காட்சிக்கு முந்தைய இரவு முழுவதும் கண்விழித்தே அவர்கள் வேலையை முடித்தனர் என்பது பலராலும் சொல்லப்பட்டுள்ளது. கண்காட்சிக்கு வந்த வணிகரோ பொறியிலிருந்த பொத்தான்களின் தொகையைக் கண்டு மிரண்டு, இது விலைபோகாது என்று முடிவுகட்டினராம். பின்னர் விற்பனையான பொறிகள் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இனி விளையாட்டுக்கு வருவோம். இதனை ஆடியறியாதவருக்காகச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது.

திரையின் அடியில் ஒரு கோளின் மலைமுகடுகள் ஒற்றைக் கோடாகத் தெரிகின்றன. அதன்மேல் பத்து மனித உருவங்கள் நிற்கின்றன. ஆடுபவரின் விண்கலம் இடமாகவும் வலமாகவும் பறக்கவல்லது. நிலக்காட்சி அதற்கேற்ப எதிர்த்திசையிலே வழுக்கிச் செல்கின்றது. கோளின் பரப்பு ஒரு திரையளவினதன்று; பல திரைகள் அகன்றது; ஒரே திசையிற் பறந்துகொண்டிருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் வளையம் அது. பகைக்கலங்களுள் ‘லாண்டர்’ எனப்படுபவை மேலிருந்து இறங்கி, ஒரு மனிதனைப் பற்றிக்கொண்டு மெல்ல மேலெழும். அது வான்முகட்டை அடையுமுன் சுட்டு வீழ்த்தினால் மனிதன் கீழே விழுவான். உயரத்திலிருந்து விழுந்தால் இறந்துபடுவான். ஆதலால் விழுபவனை நடுவானில் ஏந்திக்கொண்டு தரையிலே இறக்கிவிடவேண்டும். லாண்டர் வான்முகட்டை அடைந்துவிடுமாயின் மனிதனை உட்கொண்டு ‘மியூட்டன்ட்’ என்னும் வெறிகொண்ட வடிவமாக மாறித் தாக்கவரும். பத்து மனிதரும் அழிந்தால் கோளே வெடித்துச் சிதறும். அதன்பின் எஞ்சுவது வெற்றுவெளியும் மியூட்டன்ட் கூட்டமுமே. அடுத்து வரும் ஐந்தாம் அலைக்கொருமுறை கோள் மீண்டும் தரப்படும்.

இவற்றையெல்லாம் ஆடுபவர் எதனைக்கொண்டு செய்கின்றார்? இடக்கையில் மேலும் கீழும் மட்டுமே அசையும் ஒரு நெம்பு. அதனோடு ஐந்து பொத்தான்கள்: முன்னே உந்துவதற்கு ஒன்று, திசை திருப்புவதற்கு ஒன்று, சுடுவதற்கு ஒன்று, திரையிலுள்ள பகைவர் அனைவரையும் ஒருங்கே அழிக்கும் குண்டுக்கு ஒன்று, கலத்தை எங்கோ ஓரிடத்தில் மீளத்தோன்றச் செய்யும் ஆபத்தான பாய்ச்சலுக்கு ஒன்று. கண்கள் ஒரே வேளையில் இரண்டு இடங்களை நோக்கவேண்டும். ஏனெனில் திரையின் உச்சியில் கோள் முழுவதையும் சிற்றுருவில் காட்டும் ஒரு ராடார்ப் பட்டை உண்டு. நமது கலம் நிற்குமிடத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத தொலைவில் ஒருவன் கடத்திச் செல்லப்படுவதை அப்பட்டையிலுள்ள ஒரு புள்ளியின் அசைவினாலேயே அறியவேண்டும்.

டிபெண்டரின் புதுமை இங்கேதான் இருப்பதாக நாம் கருதுகின்றோம். அதற்கு முந்திய புகழ்பெற்ற விளையாட்டுகளில், ஸ்பேஸ் இன்வேடர்ஸிலும் 1979இல் அட்டாரி வெளியிட்ட ‘அஸ்டரொயிட்ஸ்’ என்பதிலும், உலகம் என்பது திரையே. காண்பதெல்லாம் உள்ளது; காணாதது இல்லை. டிபெண்டரில் உலகம் திரையினும் பெரிதாயிற்று. நாம் பாராத இடத்திலும் நிகழ்வுகள் தொடர்ந்து நிகழ்கின்றன. நாம் ஓரிடத்தில் ஒருவனை மீட்கும்போதே பிறிதோரிடத்தில் இன்னொருவனை இழக்கின்றோம். நாடக மேடையின் வரையறையிலிருந்து நாவலின் பரப்புக்குச் சென்றமை போன்ற மாற்றம் இது எனச் சொல்லத் தோன்றுகின்றது. ஒப்புமையைப் பெரிதும் நீட்டுதல் வேண்டாம்.

பொறியின் உட்புறம் இன்றைய நோக்கில் மிக எளியது. மோட்டரோலாவின் 6809 என்னும் நுண்செயலி, நொடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் துடிப்பு வேகத்தில் இயங்குவது. ஒலிக்கென்று தனியாக இன்னொரு செயலி. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் பதினாறு வண்ணங்களுள் ஒன்று. இந்தச் சிறிய ஆற்றலைக்கொண்டு, பகைக்கலம் வெடிக்கும்போது அதன் புள்ளிகள் நாற்றிசையும் சிதறிப் பறக்குமாறும், புதிய கலம் தோன்றும்போது சிதறிய புள்ளிகள் ஒன்றுகூடுமாறும் செய்தமை அக்காலத்தவரை வியக்கவைத்தது. தொழில்நுட்ப வரம்பினுள் நின்று கலைஞர் செய்யும் வேலை எதுவும் குறைத்து மதிக்கத்தக்கதன்று.

புள்ளி வழங்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. லாண்டர் ஒன்றை வீழ்த்தினால் 150 புள்ளி. விழும் மனிதனை ஏந்தினால் 500. அவனைத் தரையில் இறக்கினால் மேலும் 500. ஒவ்வொரு அலையின் முடிவிலும் எஞ்சிய மனிதர் தொகைக்கேற்ப மிகையூதியம். அழிப்பதைவிடக் காப்பதற்கே கணக்கேடு கூடுதலாகக் கொடுக்கின்றது. சுடுவிளையாட்டுகள் யாவும் கொலைவெறியையே ஊட்டுகின்றன என்று பொத்தாம்பொதுவாகக் கூறுவோர் இதனை நோக்குதல் வேண்டும். ஆயினும் காக்கப்படுவோர் யார் என்பதையும் கேட்கவேண்டியுள்ளது. அப்பத்துப் பேருக்கும் முகமில்லை, குரலில்லை, எதிர்த்து நிற்கும் கையுமில்லை. அவர்கள் செய்வதெல்லாம் நிலத்தில் அங்குமிங்கும் நடப்பதும், கடத்தப்படுவதும், மீட்கப்படுவதும், சிலவேளை காப்போனின் குண்டுக்கே இரையாவதும்தான். பாதுகாப்பு என்ற பெயரால் வானிலிருந்து செலுத்தப்படும் படைபலத்தையும், கீழே வாய்மூடி நிற்கும் மக்களையும் வேறு சூழல்களிலே கண்டறிந்த வாசகருக்கு இக்காட்சியின் கருத்துநிலை புதிதாக இராது. அதே காலத்தில் அட்டாரி கம்பனியின் ‘பாட்டில்சோன்’ என்ற தாங்கி விளையாட்டை ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை தனது வீரரின் பயிற்சிக்கென மாற்றியமைத்துத் தருமாறு கேட்டதும், அதனை ஆக்கிய எட் றொட்பேர்க் அதற்கு மறுப்புத் தெரிவித்ததும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கன. இத்தொழிலினுள்ளும் மனச்சாட்சி பற்றிய கேள்வி எழுந்தே உள்ளது.

இனி நேரம் பற்றிய வினா.

நாணயமிடுபவர் திரைப்படச் சீட்டு வாங்குபவரைப்போலக் குறித்த கால அளவை வாங்குபவரல்லர். மூன்று விண்கலங்களை, அதாவது மூன்று தவறுகள் செய்யும் உரிமையை, 25 சதத்துக்கு வாங்குகின்றார். அவை எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பது அவருடைய திறமையைப் பொறுத்தது. ஆகவே பொறியின் உரிமையாளருக்கும் ஆடுபவருக்கும் இடையில் நேர்முரணான ஒரு நலன் உண்டு. ஆட்டம் விரைவில் முடிவது உரிமையாளருக்கு இலாபம். நீடிப்பது ஆடுபவருக்கு இலாபம். வேலைநாளின் நீளம் குறித்துத் தொழிற்சாலையிலே நிகழும் போராட்டத்தின் தலைகீழ்ப் படிவம் இது என்று கூறின் மிகையாகாது. அங்கே நேரத்தை நீட்ட விழைபவர் முதலாளி. இங்கே அதனைச் சுருக்க விழைபவர் அவர்.

டிபெண்டரின் கடினத்தை இந்த நோக்கில் வைத்தே விளங்கிக்கொள்ளவேண்டும். புதிதாக ஆடுபவர் ஒருவருடைய ஆட்டம் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தைத் தாண்டாது. அதற்கும் மேலாக ‘பெய்ற்றர்’ என்றொரு பகைக்கலம் அமைக்கப்பட்டுள்ளது. அலை ஒன்றை முடிக்காமல் காலந்தாழ்த்தினால் அது தோன்றும். ஆடுபவரின் கலத்தைவிட விரைந்து துரத்தும். கதையளவில் அதற்குத் தேவை எதுவுமில்லை. அது கதைமாந்தர் அன்று; கடிகாரத்தின் கையாள். தாமதிப்பவரைத் தண்டிக்கும் மேற்பார்வையாளர் ஒருவரைத் தொழிற்சாலையிலிருந்து பெயர்த்தெடுத்து விண்வெளியில் விட்டதுபோல அது இயங்குகின்றது.

ஆனால் வரலாறு வடிவமைப்பாளரின் கணக்குப்படி மட்டும் நடைபெறுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த பொறியின் பட்டியலில் முதலிடத்திலிருந்த புள்ளித்தொகை 21,270. ஆக்கியோர் எட்டத்தக்கதெனக் கருதிய உயரம் ஏறக்குறைய அத்தகையது. ஆடுவோர் அதனை மிக விரைவில் தாண்டிச் சென்றனர். பத்தாயிரம் புள்ளிக்கொரு முறை மேலதிகக் கலமும் குண்டும் கிடைக்கும் விதியை அவர்கள் நன்கு பயன்படுத்தினர். ஒரே நாணயத்தில் மணிக்கணக்காக, சிலர் நாள்கணக்காகவும் ஆடினர். புள்ளி 990,000ஐத் தாண்டும்போது செய்நிரலின் கணக்கு இடறி, பத்து இலட்சம் நிறைந்து பூச்சியத்துக்குத் திரும்பும்வரை எதனைச் சுட்டாலும் ஒவ்வொரு கலம் இலவசமாகக் கிடைக்கும் என்பதும் கண்டறியப்பட்டது. ஆறு இலக்கங்களுக்கு மேல் ஒருவர் செல்வார் என்று எதிர்பாராமல் எழுதப்பட்ட நிரலின் இடைவெளி அது. அந்த இடைவெளியினுள் புகுந்த ஒருவர் 25 சதத்துக்கு ஒரு முழுநாளையே வாங்கிக்கொள்ள முடிந்தது.

உரிமையாளர் சும்மா இருப்பார்களா? தேர்ந்த ஆட்டக்காரரின் கையில் பொறி வருவாய் ஈட்டாத பொருளாகிவிடுவதைத் தடுக்க, அதனை வேகப்படுத்தும் மின்சுற்றுப் பலகைகள் சந்தைக்கு வந்தன. அவற்றை விற்றவற்றுள் ஆர்ட்டிக் இன்டர்நாஷனல் என்ற கம்பனி ஒன்று. 1983இல் சிக்காகோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏழாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், மிட்வே கம்பனி இக்கம்பனிக்கெதிராகத் தொடுத்த வழக்கில், ‘கலக்சியன்’ என்ற விளையாட்டை வேகப்படுத்தும் பலகையைப் பற்றித் தீர்ப்புக் கூறியது. ஆட்டம் விரைந்தால் ஒரே கால அளவில் கூடுதல் நாணயம் விழும் என்பதை நீதிபதிகள் ஒளிக்காமல் எடுத்துக்காட்டினர். நாம் மேலே கூறிய நலன்முரண்பாடு, இவ்வாறு, சமூகவியலாளரின் ஊகமாக அன்றி நீதிமன்றப் பதிவாகவே நமக்குக் கிடைக்கின்றது.

இதே ஆர்ட்டிக் கம்பனியே டிபெண்டர் வழக்கிலும் எதிராளி. இவ்வழக்கைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

வில்லியம்ஸ் கம்பனி தனது விளையாட்டுக்கு மூன்று பதிப்புரிமைப் பதிவுகளைப் பெற்றிருந்தது. ஒன்று செய்நிரலுக்கு. மற்றொன்று, ஆடுவார் இல்லாதபோது வாடிக்கையாளரைக் கவரத் திரையிற் காட்டப்படும் காட்சிகளுக்கு. மூன்றாவது, ஆட்டத்தின்போது தோன்றும் காட்சிக்கும் ஒலிக்கும். ஆர்ட்டிக் கம்பனி ‘டிபென்ஸ் கொமாண்ட்’ என்ற பெயரில் ஏறத்தாழ ஒன்றேபோன்ற விளையாட்டைக் கொண்ட மின்சுற்றுப் பலகையை விற்றது. 1982இல் மூன்றாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அது முன்வைத்த வாதங்கள் தத்துவார்த்த முக்கியத்துவம் உடையவை. ஒவ்வொரு ஆட்டத்திலும் திரையில் தோன்றுவது புதிய காட்சி. அது தோன்றி மறைவது. எங்கும் நிலையாகப் பதிந்திருப்பதன்று. மேலும் ஆடுபவர் பங்குகொள்வதால் காட்சியை ஆக்குபவர் கம்பனி மட்டுமல்லர். மனிதர் படித்தறிய முடியாத வடிவில் நினைவகச் சில்லில் உள்ள குறியீடு பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ்ப் படைப்பாகாது. இவையே அவ்வாதங்கள்.

நீதிமன்றம் இவை அனைத்தையும் தள்ளிவிட்டது. காட்சி சில்லிலே பதிந்துள்ளது; ஆட்டத்துக்கு ஆட்டம் சில மாறுதல் ஏற்பட்டாலும் பெரும்பகுதி திரும்பத் திரும்ப நிகழ்வதே; மனிதருக்கு விளங்காத குறியீடும் பாதுகாக்கப்படத்தக்கதே என்று அது கூறியது. மறு ஆண்டு ஏழாம் வட்ட நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்று, வீடியோ விளையாட்டு ஆடுவது நாவல் எழுதுவதற்கோ ஓவியம் தீட்டுவதற்கோ ஒப்பானதன்று, தொலைக்காட்சியிலே அலைவரிசை மாற்றுவதற்கே கூடுதலாக ஒப்பானது என்ற கருத்தை வெளியிட்டது.

ஆர்ட்டிக் கம்பனி பிறர் உழைப்பைத் திருடி விற்ற ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. அதன்பால் இரக்கம் காட்டுவதும் நம் நோக்கமன்று. எனினும் திருடனின் வாயிலிருந்து வந்த வாதம் என்பதனால் அதிலுள்ள வினா பொய்யாகிவிடாது. முழுநாள் ஆட்டத்தை ஒற்றை நாணயத்தில் நிகழ்த்திக் காட்டிய ஒருவர் அலைவரிசை மாற்றியவர்தாமா? நமது மரபிலே அடவுகளையும் ஆட்டமுறைகளையும் வகுத்தவர் ஒருவர், ஆடுபவர் ஒருவர். ஆட்டத்தின் சிறப்பை வகுத்தவருக்கே முழுதும் உரியதாக்கும் கூத்து இரசிகர் எவரும் இரார். அமெரிக்க நீதிமன்றங்கள் பார்த்தது ஆட்டத்தையன்று, அதில் தோன்றும் சொத்தை. சொத்துறவை நிலைநாட்டவேண்டிய இடத்தில் ஆடுபவரின் படைப்பாற்றல் இடையூறாக நின்றது. ஆகவே அது சிறுமைப்படுத்தப்பட்டது.

இவ்வேளை, மக்களின் ஒழுக்கத்தைக் காப்போராகத் தம்மைக் கருதியவர்களும் வாளாவிருக்கவில்லை. பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் 1981இல் வீடியோ விளையாட்டுகளை நாடெங்கும் தடைசெய்தார். இளைஞரின் ஒழுக்கம் குறித்து அவ்வாட்சியாளருக்கு ஏற்பட்ட கவலை வாசகருக்கு வியப்பளிக்கலாம். டெக்சாசின் மெஸ்கீட் நகரசபை 17 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் துணையின்றி ஆடுவதைத் தடுத்த விதி 1982இல் உயர்நீதிமன்றம் வரை சென்றது. அதே ஆண்டில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி கூப் இவ்விளையாட்டுகள் சிறுவரை உடலாலும் உள்ளத்தாலும் அடிமையாக்குகின்றன என்று பேசி, பின்னர் அது தம் சொந்தக் கருத்தேயன்றி அறிவியற் சான்றின்பாற்பட்டதன்று என விளக்கமளித்தார். இவர்கள் எவரும் நாணயத்துக்கும் நேரத்துக்குமுள்ள உறவைத் தொடவில்லை. பழி பிள்ளைகள்மீதே விழுந்தது.

பிற்கால வளர்ச்சி பற்றியும் ஓரிரு சொல். 1981இல் யப்பானின் கொனாமி வெளியிட்ட ‘ஸ்க்ராம்பிள்’ பக்கவாட்டு ஓட்டத்தை வேறு திசையில் வளர்த்தது. அங்கே திரை தானாகவே ஒரே திசையில் நகரும். திரும்பிச் செல்ல வழியில்லை. எரிபொருளும் குறைந்துகொண்டே வரும். 1985இல் அதே கம்பனியின் ‘கிராடியஸ்’, 1987இல் ஐரெம் கம்பனியின் ‘ஆர்-டைப்’ என்பன இந்த வழியைப் பின்பற்றியே புகழீட்டின. அழகிலும் நுட்பத்திலும் அவை டிபெண்டரை விஞ்சியவை. ஆனால் எங்கே செல்வது, யாரை முதலில் மீட்பது என்ற தெரிவு அவற்றில் ஆடுபவரிடம் இல்லை. காக்கப்படவேண்டிய மனிதரும் இல்லை. ஓடும் பட்டையின்முன் நிறுத்தப்பட்ட தொழிலாளியைப்போல, வருவதை வந்தபடி எதிர்கொள்வதே ஆடுபவரின் வேலையாயிற்று. தலைசிறந்த வடிவங்கள் எனக் கொண்டாடப்படும் அவற்றைவிட, முரடான டிபெண்டரையே நாம் மேலாக மதிப்பதற்குக் காரணம் இதுவே.

ஆக்கியோரின் நிலை என்ன? பொறியின் மேற்புறத்திலும் திரையிலும் கம்பனியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஜார்விஸின் பெயரோ, அவரோடு கண்விழித்தோர் பெயரோ எங்கும் இல்லை. அக்காலத்தில் இத்தொழிலின் பொதுவழக்கம் அதுவே. டிபெண்டர் பெரும் பணம் ஈட்டத் தொடங்கிய 1981இலேயே ஜார்விஸும் டிமாரும் கம்பனியை விட்டு விலகி, ‘விட் கிட்ஸ்’ என்ற சிறு குழுவை அமைத்து, ஒப்பந்த அடிப்படையில் அதே வில்லியம்ஸுக்கு விளையாட்டுகளை ஆக்கிக்கொடுத்தனர். டிபெண்டரின் தொடர்ச்சியான ‘ஸ்டார்கேற்’, 1982இல் வந்த ‘ரொபொட்ரோன்: 2084’ ஆகியவை அவ்வாறு பிறந்தவை. கூலி உழைப்பாளர் நிலையிலிருந்து ஒப்பந்தக்காரர் நிலைக்கு மாறுவதால் உழைப்பின் பயன் முழுதும் உழைத்தவனைச் சேர்ந்துவிடும் என்று கூற முடியாது. பேரம்பேசும் ஆற்றல் சிறிது கூடும், அவ்வளவே.

ஆயினும் ஆக்கியோர் பொறியினுள் ஓரிடத்தில் தம்மைப் பதித்துவைத்திருந்தனர். அதிகப் புள்ளி பெற்றோர் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் மூன்று எழுத்து இடமுண்டு. தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போதே அப்பட்டியல் எட்டுப் பெயர்க்குறிகளால் நிரப்பப்பட்டிருந்தது. எல், ஈ, டி என்னும் எழுத்துகள் லாரி டிமாரைக் குறித்தன. எஸ், ஏ, எம் என்பன சாம் டிக்கரை. மேற்கூறிய வழக்கில் இப்பட்டியல் சான்றாயிற்று. ஆர்ட்டிக் விற்ற பலகையிலும் அதே எழுத்துகள் அதே வரிசையில் தோன்றின. வில்லியம்ஸின் நிரலில் ஒரு பகைக்கலத்தின் புள்ளியைத் தவறாகக் காட்டிய பிழையும் அப்படியே இருந்தது. மறைவாக எழுதப்பட்ட வில்லியம்ஸின் உரிமைக் குறிப்பும் உள்ளே கிடந்தது. நகலெடுத்ததற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உழைத்தவர்கள் தம் பெயரென விட்டுச்சென்ற மூன்றெழுத்துத் தடயம், அவ்வுழைப்பு அவர்களுடையதன்று, கம்பனியினுடையது என்பதை நிறுவப் பயன்பட்டது.

அப்பட்டியலுக்கு இன்னொரு பகுதியும் உண்டு. டிபெண்டர் இரு பட்டியல்களைக் காட்டியது: அன்றைய நாளின் சிறந்தோர், எக்காலத்துக்கும் சிறந்தோர். பின்னது, மின்சாரம் நிறுத்தப்பட்டாலும் அழியாதவாறு மூன்று சிறு மின்கலங்களின் துணையோடு நினைவகத்திற் காக்கப்பட்டது. மதுச்சாலைகளிலும் பேருந்து நிலையங்களிலும் பொறியின்முன் நின்ற முகந்தெரியாத இளைஞர், ஆக்கியோரின் பெயர்க்குறிகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளித் தமது மூன்றெழுத்துகளை அவ்விடத்தில் ஏற்றினர். மின்கலம் ஓய்ந்ததும் அவ்வெழுத்துகள் அழிந்துபோக, சில்லிலிருந்த தொழிற்சாலைப் பட்டியல் மீண்டும் திரைக்கு வந்தது.